வீடு நின்றது, தகரம் பறந்தது

"செட்டிநாட்டு வீடு எந்தப் புயலுக்கும் அசையாது" என்று படத்தோடு வரும் பதிவுகளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு 2018 நவம்பர் 16 விடிகாலை நினைவுக்கு வரும். வேதாரண்யம் அருகே கரையேறிய கஜா புயல், புதுக்கோட்டைச் சீமையைப் புரட்டிப்போட்டுவிட்டு எங்கள் செட்டிநாட்டுப் பக்கமும் வந்தது. சுண்ணாம்புச் சுவரும் தேக்குத் தூணும் அப்படியே நின்றன. ஓடு மாற்றச் சோம்பல்பட்டு, ஒழுகிய இரண்டாம் கட்டின் (வீட்டின் பின்பகுதி) மேல் நாங்கள் போட்டிருந்த தகரக் கொட்டகைதான் பறந்தது. அடுத்த வீட்டு வேப்பமரத்தில் சுருண்டு தொங்கிய தகட்டை இறக்கிப் பார்த்தேன். வாஷர் இல்லாமல் அடித்திருந்த ஆணி துருப்பிடித்து, துளை விரல் நுழையும் அளவுக்குக் கிழிந்திருந்தது.

காற்று கூரையை அழுத்தும் என்றே நாம் நினைக்கிறோம். உண்மையில் அது மேல்நோக்கி உறிஞ்சித் தூக்குகிறது, அதுவும் ஓரங்களிலும் மூலைகளிலும் மிகக் கடுமையாக. ஆகவே அவ்விடங்களில் போல்ட்டுகளை நெருக்கி முடுக்குவதும், கூரைச் சட்டத்தைச் சுவரோடு இரும்புப் பட்டையால் பிணைப்பதும், காற்றடிக்கும்போது கதவு சன்னல்களை அடைத்து வைப்பதும்தான் வீட்டைக் காக்கும். உள்ளே புகுந்த காற்றும் சேர்ந்து தள்ளினால் எந்தத் தகரமும் தாங்காது.

தண்ணீர் விஷயத்தில் முன்னோர் நம்மைவிடக் கெட்டிக்காரர்கள். வீட்டை வீதியிலிருந்து உயர்த்திக் கட்டி, நான்கு பக்கக் கூரைநீரையும் வளவு என்னும் நடு முற்றத்தில் இறக்கித் தூம்புக் குழாய் வழியே வெளியேற்றி, ஊர் மழைநீரை வரத்துக்கால் என்னும் வாய்க்கால் வழியாக ஊர்க்குளமான ஊருணியில் சேர்த்தார்கள். நாமோ வரத்துக்காலில் மனை போட்டோம். பழைய சாலையைச் சுரண்டாமல் அதன்மேலேயே திரும்பத் திரும்பச் சாலை போட்டதில், என் சிறுவயதில் ஐந்து படி ஏறிப் போன எங்கள் திண்ணைக்கு இப்போது மூன்று படிதான். இன்னும் இரண்டு முறை போட்டால் மழைத்தண்ணீர் முகப்புக்கே வந்துவிடும்.

ஓடு ஒரு விரற்கடை நகர்ந்தாலும் போதும், நாலைந்து மழையில் சட்டம் உளுத்துவிடும். பூட்டியே கிடக்கும் வீடுகள் புயலுக்கு முன்பே இப்படித்தான் பாதி விழுகின்றன. எங்கள் வீட்டுக்கோ பதினோரு பங்கு, ஆளுக்கொரு ஊர். ஓடு மாற்றக் காசு கேட்டால் "பார்க்கலாம்" என்கிறார்கள். முன்னோரை வணங்கும் படைப்புக்கு அடுத்த முறை எல்லோரும் கூடும்போது அந்தக் கிழிந்த தகட்டை முகப்பிலேயே சாத்தி வைக்கப் போகிறேன்.