மாடு செத்தால் யார் வருவார்கள்?

போன மாதம் பெரியப்பாவின் மாடு ஒன்று இறந்துபோனது. சத்தியமங்கலம் பக்கம் தோட்டம். குழி தோண்ட ஜேசிபி வருவதற்குள் பொழுது சாய்ந்துவிட்டது. அதுவரை ஏழெட்டு நாய்களை விரட்டிக்கொண்டு நிற்பதுதான் எங்கள் வேலை. "முன்னெல்லாம் பள்ளத்தோரம் இழுத்துப் போட்டா போதும், பொணந்தின்னிக் கழுகு வந்து முடிச்சுப்போடும்" என்றார் பெரியப்பா. நான் ஒருமுறைகூடப் பார்த்ததில்லை.

அந்தப் பறவைக்குப் பழைய பெயர் பாறு. நமக்குப் பிணந்தின்னி என்பது வசைச்சொல். ஆனால் ஒரு கூட்டம் இறங்கினால் ஒரு மணி நேரத்துக்குள் முழு மாட்டையும் எலும்பாக்கிவிடும். அடைப்பான் (ஆந்த்ராக்ஸ்) நோய்க் கிருமியையே செரித்துவிடும் அமிலம் அதன் வயிற்றில் இருக்கிறது. சம்பளம் இல்லை, லாரி இல்லை, டெண்டர் இல்லை.

தொண்ணூறுகளில் கோடிக்கணக்கில் இருந்தவை பத்துப் பதினைந்து ஆண்டுகளில் காணாமல் போயின. வெண்முதுகுப் பாறு நூற்றுக்கு ஒன்றுகூட மிஞ்சவில்லை. காரணம் வேட்டையோ பஞ்சமோ இல்லை, டைக்ளோஃபினாக். மூட்டுவலிக்கு நாம் விழுங்கும் அதே மருந்து, விலை குறைந்ததும் மாட்டு ஊசியானது. ஊசி போட்ட மாடு செத்து, அதைத் தின்ற பாறுக்குச் சிறுநீரகம் செயலிழந்துபோகும். 2004இல்தான் இது உறுதியானது. நூறு சடலங்களில் ஒன்றுக்கும் குறைவானவற்றில் இந்த மருந்து இருந்தாலே இந்த அழிவுக்குப் போதுமாக இருந்திருக்கிறது. ஆண்டுக்கு ஒரே முட்டை இடும் பறவை, எப்படித் தாங்கும்?

சரி, கழுகு போனால் நமக்கென்ன? ஈயல் ஃபிராங்க், அனந்த் சுதர்சன் என்ற இரு பொருளாதார ஆய்வாளர்கள் 2024இல் கணக்குப் போட்டார்கள். பாறுகள் நிறைய வாழ்ந்த மாவட்டங்களையும் அவ்வளவாக இல்லாத மாவட்டங்களையும் ஒப்பிட்டால், பாறுகள் அழிந்த பிறகு முதல் வகையில் மனித இறப்பு 4 சதவீதத்துக்கும் மேல் கூடியிருக்கிறது. 2000 முதல் 2005 வரை சுமார் 5 லட்சம் கூடுதல் மரணங்கள். அழுகிய சடலங்கள், கெட்டுப்போன தண்ணீர், பெருகிய நாய்கள், வெறிநாய்க்கடி. தெருநாய் விவகாரத்தில் இரண்டு கட்சியாகப் பிரிந்து சண்டை போடுகிறோமே, அதில் யாராவது பாறுகளைப் பற்றிப் பேசி நான் கேட்டதில்லை.

'சூழல் சேவை' என்ற சொல் எனக்குப் பிடிக்காது. காடும் பறவையும் நமக்கு ஊழியம் செய்யப் பிறந்தவை என்பது போன்ற தொனி அதில் இருக்கிறது. ஆனால் புலிக்கும் யானைக்கும் உருகுகிற நாம், சொட்டைத் தலைப் பறவை ஒன்றுக்கு உருகமாட்டோம். அதற்காக வாதாட இந்தக் கணக்கை விட்டால் வேறு வழியும் தெரியவில்லை. திருக்கழுக்குன்றத்தில் நண்பகல் சர்க்கரைப் பொங்கலுக்கு வந்த மஞ்சள்முகப் பாறுகளைக் கும்பிட்டோம். அவை வராமல் போய்க் கால் நூற்றாண்டுக்கு மேல் ஆகிறது. கும்பிட்டதும் காப்பாற்றவில்லை.

மாட்டுக்கு டைக்ளோஃபினாக் போட 2006இலேயே தடை வந்தது. அப்புறம் மனிதர்களுக்கான பெரிய குப்பிகளை வாங்கி மாட்டுக்கு ஏற்றினார்கள். 2015இல் குப்பியை 3 மில்லியாகச் சுருக்கினார்கள். 2023இல் பாறுக்கு அதேபோல் ஆபத்தான வலிமருந்துகள் கீட்டோபுரோஃபென், அசெக்ளோஃபினாக் இரண்டையும் கால்நடைக்குத் தடை செய்தார்கள். ஓட்டையை ஒவ்வொன்றாக அடைக்கவே இத்தனை வருடம். எங்கள் தோட்டத்திலிருந்து அதிக தூரமில்லாத மாயாற்றுப் பள்ளத்தாக்கில், நீர்மருத மரங்களில் இன்னும் சில கூடுகள் இருக்கின்றன. தென்னிந்தியாவில் மிஞ்சியிருக்கும் சில நூறு பாறுகளில் அந்தக் கூட்டுப் பறவைகளும் சேர்த்தி.

இதையெல்லாம் பெரியப்பாவிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்ப மாடு வலியில கெடந்தா என்ன ஊசிதான் போடறது?" என்றார். நியாயமான கேள்வி. மெலோக்ஸிகாம் பாறுக்கு ஆபத்தில்லை என்றேன். பேனா எடுத்து வந்து, பால் சொசைட்டி அட்டையின் பின்பக்கத்தில் எழுத்துக்கூட்டி எழுதிக்கொண்டார்.