சல்லிவன்கள் முதலில் கெர்ரிக்காரர்கள் இல்லை

ஓ'சல்லிவன் குடும்பங்கள் ஆதிகாலம் முதலே அயர்லாந்தின் தென்மேற்கே கார்க், கெர்ரி பக்கம்தான் என்று கட்டுரையில் போட்டிருக்கிறீர்கள், அது பாதிதான் சரி. இன்று அந்த இரண்டு மாவட்டங்களிலும் தடுக்கி விழுந்தால் ஒரு சல்லிவன் மேல்தான் விழ வேண்டும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அவர்களுடைய பூர்வீகம் டிப்பரெரி, காஹிர் ஊரை ஒட்டிய நல்ல வளமான சமவெளி. 12ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தை ஆண்ட நார்மன்கள் படையெடுத்து வந்து இறங்கிய பிறகுதான் மேற்கே கடலோர மலைப்பக்கம் ஒதுங்கினார்கள், அங்கே கென்மேர் பக்கம் ஒரு கிளை, பேரா தீபகற்பத்தில் ஒரு கிளை என்று பிரிந்தது.

1602இல் பேரா கிளையின் டன்பாய் கோட்டை ஆங்கிலேயரிடம் விழுந்த பிறகு, அந்தக் கிளையின் தலைவர் டோனல் ஆயிரம் பேரோடு கடுங்குளிரில் வடக்கே லீட்ரிம் நோக்கி நடந்தார். இரண்டு வாரம் கழித்துப் போய்ச் சேர்ந்தவர்கள் 35 பேர். இதை எப்படி விட்டீர்கள்?

அப்புறம் சல்லிவனின் ஐரிஷ் வடிவம் 'ஓ சூலவான்', அதில் இருக்கும் 'சூல்' என்றால் கண். கருங்கண்ணனா, ஒற்றைக்கண்ணனா என்பதில் இன்னும் சண்டைதான் (எனக்கென்னவோ கருங்கண்ணன்தான் பிடித்திருக்கிறது). 'ஓ' என்றால் பேரன், வழிவந்தவன். பெண்ணுக்கு அது 'நீ' ஆகிவிடும், 'நீ ஹூலவான்' என்பார்கள். பேராவில் எல்லாரும் சல்லிவனாக இருப்பதால் ஒவ்வொரு வீட்டுக்கும் தனிப் பட்டப்பெயர் உண்டு, இல்லாவிட்டால் தபால்காரர் பாடு திண்டாட்டம்தான். அங்கே ஆலிஹீஸ் செம்புச் சுரங்கத்தில் வேலை பார்த்தவர்கள் பலர் அமெரிக்காவின் மொன்டானாவில் உள்ள பியூட் சுரங்கங்களுக்குப் போனதால், அந்த ஊரிலும் இதே கூட்டம்.

ஊட்டியை உருவாக்கிய ஆங்கிலேய கலெக்டர், நம் ஜான் சல்லிவன் பெயரும் இதுதான், 'ஓ' மட்டும் இல்லை.