கமிஷன் எவ்வளவு என்று கேட்டவருக்கும், கைதட்டியவர்களுக்கும்

ஞாயிற்றுக்கிழமை நம் குடியிருப்போர் சங்கப் பொதுக்குழுவில் நடந்தது நம் நகரில் எல்லாருக்கும் தெரியும். வராதவர்களுக்கும் மதியத்துக்குள் வாட்ஸ்அப்பில் வீடியோ வந்திருக்கும். அதனால் முழுக்கதையைச் சொல்லப் போவதில்லை. எனக்கு இன்னும் மனசு ஆறவில்லை, அதனால்தான் எழுதுகிறேன்.

கால்வாய் தூர்வார ஜேசிபி வண்டி வைத்த செலவுக்காக, ஒரு தம்பி செயலாளர் சாரைப் பார்த்துக் கேட்டார்: "ஜேசிபிக்காரர்கிட்ட கமிஷன் எவ்வளவு சார்?" இது கணக்குக் கேட்பது இல்லை. கணக்குக் கேட்பவர் பில்லைக் காட்டுங்கள் என்பார். பில் பொருளாளரான என் மடியில்தான் இருந்தது, ஃபைலைத் திறந்து வைத்துக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தேன். ஒருத்தரும் வாங்கிப் பார்க்கவில்லை. அந்தத் தம்பி கேட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டார், பின்வரிசையில் நாலைந்து பேர் கைதட்டினார்கள். செயலாளர் சார் ஒரு வார்த்தை பேசாமல் பூங்கா சாவியையும் மினிட்ஸ் புத்தகத்தையும் மேஜையில் வைத்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார்.

"கணக்குக் கேட்டால் ஏன் கோபம் வருகிறது?" என்று கீழே கமென்ட் வரும், தெரியும். கேளுங்கள். நம் சங்கம் 1975-ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி பதிவானது. வருஷா வருஷம் பொதுக்குழுவைக் கூட்ட வேண்டும், தணிக்கை செய்த வரவு செலவை வைக்க வேண்டும், பதிவாளர் அலுவலகத்தில் தாக்கல் செய்ய வேண்டும். எல்லாம் செய்திருக்கிறோம். ரசீது புத்தகத்தின் அடிக்கட்டைகள் உட்பட என் வீட்டு பீரோவில் இருக்கின்றன. கணக்குக் கேளுங்கள், ஒவ்வொரு ரூபாய்க்கும் கேளுங்கள். ஆனால் ஒரு பில்லைக்கூடப் பார்க்காமல் ஒரு மனிதரைத் திருடன் என்று சொல்லாதீர்கள். கமிஷன் எவ்வளவு என்றால் அதற்கு வேறு என்ன அர்த்தம்?

அடுத்தது, "வரி கட்டுகிறோமே, கால்வாய் தூர்வாருவது மாநகராட்சி வேலைதானே, சங்கம் ஏன் செலவு பண்ணுகிறது?" சரியான கேள்வி. மாநகராட்சி வேலைதான். 5 நகராட்சிகளையும் 5 பேரூராட்சிகளையும் சேர்த்து 2021-இல் தாம்பரம் மாநகராட்சி வந்தபோது, இனி நாம் யாரிடமும் கெஞ்ச வேண்டியிருக்காது என்று எங்களுக்கும்தான் ஆசை இருந்தது. இந்தத் தடவையும் மனு கொடுத்தோம், ஒப்புகைச் சீட்டு ஃபைலில் இருக்கிறது. உதவிப் பொறியாளரைப் பார்க்க சார் நடையாக நடந்தார். அடுத்த வாரம், அடுத்த வாரம் என்றார்கள். அதற்குள் முதல் மழை வந்துவிட்டால்? கடைசித் தெருவுக்குப் பின்னால் ஆகாயத்தாமரையும் வீடு இடித்த கட்டடக் குப்பையும் கால்வாயை அடைத்துக்கொண்டு கிடந்ததை எத்தனை பேர் போய்ப் பார்த்தீர்கள்? செயற்குழு கூடித் தீர்மானம் போட்டுத்தான் வண்டியைக் கூப்பிட்டோம். வெயிலில் நின்று வேலை வாங்கினவரும் சார்தான்.

அந்தக் கால்வாய் ஏன் அவ்வளவு முக்கியம் என்பது 2015-க்கு அப்புறம் இங்கே குடிவந்தவர்களுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. சென்னை வெள்ளம் என்றாலே எல்லாரும் செம்பரம்பாக்கம் என்கிறார்கள். முடிச்சூர் பக்கம் நம்மை மூழ்கடித்தது அந்தத் தண்ணீர் இல்லை. செம்பரம்பாக்கத்து உபரிநீர் நமக்குக் கீழே, திருநீர்மலைப் பக்கம்தான் அடையாற்றில் சேர்கிறது. நமக்கு வந்தது ஆதனூர், மணிமங்கலம் ஏரிகள் பக்கத்துத் தண்ணீர். அந்த டிசம்பர் ராத்திரி கரண்ட் இல்லை, போன் இல்லை. என் மாமியார் பக்கவாதம் வந்து தரைத்தளத்தில் படுக்கையாக இருந்தார். என் வீட்டுக்காரர் ஊரில் இல்லை. முழங்காலுக்குத் தண்ணீர் ஏறினபோது கதவைத் தட்டினது சார். எந்தெந்த வீட்டில் நடக்க முடியாதவர்கள் இருக்கிறார்கள் என்று சங்கத்து நோட்டில் ஏற்கெனவே எழுதி வைத்திருந்தார், அதைப் பார்த்து வரிசையாக வந்துகொண்டிருந்தார். மாமியாரை பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து, அவரும் எதிர்வீட்டுப் பையன்களுமாகத் தூக்கி மாடிக்குக் கொண்டுபோனார்கள். அந்த நேரத்தில் அவர் வீட்டு ஃபிரிட்ஜ், கட்டில், பிள்ளைகளின் சர்டிபிகேட் எல்லாம் தண்ணீரில் கிடந்தன. தன் வீட்டை விட்டுவிட்டு என் வீட்டுக்கு வந்தவர் அவர். அவரிடம் கேட்கிறீர்கள், கமிஷன் எவ்வளவு என்று.

"பழைய கதையைச் சொல்லி இன்றைய கணக்கை மறைக்கிறீர்கள்" என்பார்கள். மறைக்கவில்லை. பில் இருக்கிறது, வந்து பாருங்கள்.

"எல்லாச் சங்கமும் யோக்கியமா?" இல்லை. பூங்கா பணத்தைச் சாப்பிட்ட சங்கங்களைப் பற்றி நானும் கேள்விப்பட்டிருக்கிறேன். எவனோ எங்கேயோ திருடினான் என்பதற்காக இவரை ஏன் கேட்கிறீர்கள்?

"ஒரே ஆட்கள்தான் பதவியில் இருக்கிறீர்கள்." பதவியா? தேர்தல் நோட்டீஸ் ஒட்டினால் வேட்புமனு வாங்க ஆள் வருவதில்லை. இதற்குமேல் இதற்குப் பதில் இல்லை.

ராத்திரி பதினொரு மணிக்குத் தெருவிளக்கு எரியவில்லை என்று மெசேஜ் போடுகிறீர்கள், காலை ஆறு மணிக்கு "எனி அப்டேட்?" என்கிறீர்கள். நாங்கள் சம்பளத்துக்கு உட்கார்ந்திருக்கும் கஸ்டமர் கேர் இல்லை. எங்கள் வீட்டிலும் சமைக்க வேண்டும், படுக்கையில் கிடப்பவர்களைப் பார்த்துக்கொள்ள வேண்டும். சந்தா வாங்க வந்தால் அப்புறம் வாங்க என்று வாசலோடு அனுப்புகிறீர்கள். அதையெல்லாம் நான் ஒருநாளும் யாரிடமும் குறையாகச் சொன்னதில்லை.

நேற்று தள்ளுவண்டியில் காய் வாங்கிக்கொண்டிருந்தேன். பக்கத்துத் தெரு அக்கா, "சங்கத்துல ஏதோ பணப் பிரச்சினையாமே?" என்று கேட்டார். எவ்வளவு, யார், எப்போது, ஒன்றும் தெரியாது. ஏதோ பணப் பிரச்சினை. பொருளாளர் நான். அப்படியென்றால் என்னைத்தானே கேட்கிறார்? கத்தரிக்காயைத் திருப்பிப் போட்டுவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். வந்து அழுதேன். அந்தத் தம்பி கேள்வி கேட்க அரை நிமிஷம்கூட ஆகியிருக்காது. இதை நான் எத்தனை வீட்டு வாசலில் போய் விளக்குவது?

சங்கத்தை விட்டுவிடு என்கிறார் வீட்டுக்காரர். இந்த நிதியாண்டு முடிகிற வரைக்கும் விடமாட்டேன். இப்போது விட்டால் அதற்கும் ஒரு அர்த்தம் கற்பிப்பீர்கள்.

வடகிழக்குப் பருவமழை வரப்போகிறது. தண்ணீர் இறைக்கும் மோட்டாரைச் சரிபார்க்க வேண்டும், அந்த நோட்டில் புதிதாகக் குடிவந்தவர்கள் பெயரையும் சேர்க்க வேண்டும். இதெல்லாம் சார் செய்துகொண்டிருந்தது. அவரைக் கூப்பிட எனக்கு முகம் இல்லை. கேட்டவர், அந்த வீடியோ வந்த அதே வாட்ஸ்அப் குரூப்பில், எல்லாரும் பார்க்க, மன்னிப்புக் கேட்கட்டும். கைதட்டினவர்களும் கேட்கட்டும். அதுவரை அந்தச் சாவியை வாங்கிக்கொள்ளச் சொல்லி நான் அவர் வீட்டுக்குப் போகமாட்டேன்.