கன்ட்ரோல் என்றால் இரண்டாவது நோட்டு

போன ஞாயிறு எங்கள் குடியிருப்புச் சங்கக் கூட்டம். பராமரிப்புப் பணத்தின் வரவு செலவைக் கேட்டேன். "எல்லாம் என் கன்ட்ரோல்லதான் சார் இருக்கு, கவலைப்படாதீங்க" என்றார் பொறுப்பில் இருப்பவர். நோட்டு மட்டும் வெளியே வரவில்லை.

அந்தச் சொல் பிறந்த கதை தெரிந்ததால்தான் இந்தப் பதில் எனக்கு இவ்வளவு உறுத்துகிறது. லத்தீனில் 'கோன்ட்ரா' என்றால் எதிர். 'ரோட்டுலுஸ்' என்றால் சுருள். இரண்டும் சேர்ந்து, பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்ததுதான் கன்ட்ரோல். எதிர்ச்சுருள்! இடைக்கால இங்கிலாந்தில் கணக்கைத் தோல்சுருளில் எழுதினார்கள். வரி வசூலிப்பவர் ஒரு சுருள் எழுதுவார். அதே வரவை இன்னொருவர் தனியாக எழுதுவார். இரண்டையும் ஒத்துப் பார்ப்பதுதான் கன்ட்ரோல் செய்வது. அடக்கி ஆள்வது என்ற பொருள் அப்புறம் வந்து ஒட்டிக்கொண்டது. பிரான்சில் இன்றும் ரயிலில் டிக்கெட் சரிபார்ப்பவருக்கு 'கோன்த்ரோலர்' என்றுதான் பெயர்.

ஆங்கிலக் கவிஞர் சாசர் பார்த்த வேலையும் இதுவே. 1374-இல் லண்டன் துறைமுகத்தில் கம்பளி, தோல் சுங்கத்துக்கு அவரைக் கன்ட்ரோலராக நியமித்தார்கள். வசூலித்தவர்களோ நகரத்தின் பெரும் வணிகர்கள். எதிர்ச்சுருளை வேறு யாரிடமும் கொடுக்காமல் தன் கைப்படவே எழுத வேண்டும் என்பது அவருக்கு இட்ட நிபந்தனை. அந்தக் கைதான் கவிதையும் எழுதியது. எனக்கு இதை நினைக்க நினைக்கப் பிடித்திருக்கிறது.

அரசின் கணக்குகளைத் தணிக்கை செய்யும் நம் சிஏஜி பதவிப் பெயரின் முதல் சொல்லான 'கம்ப்ட்ரோலர்' என்பதும் இதே குடும்பம்தான்.

தமிழில் நாம் 'கட்டுப்பாடு' என்கிறோம். அதில் கயிறு இருக்கிறது, கணக்கு இல்லை. ஊர்க்கட்டுப்பாடு என்று சொல்லிக் குடும்பங்களை ஒதுக்கி வைத்ததெல்லாம் அந்தக் கயிற்றால்தான். 'சரிபார்ப்பு' என்பதே பழைய பொருளுக்கு நெருக்கம் என்பேன்.

அந்தப் பழைய பொருள் எங்கள் வீட்டுச் சமையலறையில் இருந்தது. பால்காரர் தன் நோட்டில் எழுதிக்கொள்வார். பால் வாங்காத நாளை அம்மா காலண்டரில் சுழிப்பார். மாதக் கடைசியில் வாசலில் நின்று இரண்டையும் ஒத்துப் பார்ப்பார்கள். ஒரு நாள் கூடக் குறைய இருந்தால் பேசித் தீர்ப்பார்கள். அம்மா கணக்குக் கேட்டதற்காகப் பால்காரர் ஒருநாளும் முகம் சுளித்ததில்லை.

நான் பணம் கட்டிய 14 மாத ரசீதுகளும் பத்திரமாக இருக்கின்றன. பக்கத்து வீட்டுக்காரர்களும் தேடி எடுத்து வைத்திருக்கிறார்கள். அடுத்த கூட்டத்துக்கு எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போகிறோம்.