ஆட்டம் நடக்கும்போதே ரேங்க் எதற்கு?

டர்ன் மாற்றி ஆடும் வியூக விளையாட்டுகளில் யார் முன்னே, யார் பின்னே என்பதை எப்போது காட்ட வேண்டும்? இதைப் பற்றி எனக்கு உறுதியான கருத்து உண்டு. ஆட்டம் நடக்கும்போது மொத்த ஸ்கோரைக் கண்ணில் காட்டாதீர்கள். முடிந்த பிறகு ஒன்று விடாமல் காட்டுங்கள்.

சேலம் அஸ்தம்பட்டியில் நண்பர் வீட்டில் ஞாயிறு மதியம் நாங்கள் சில பேர் ஒரே கம்ப்யூட்டரில் சிவிலைசேஷன் 4 ஆடுவோம். ஊர்களைக் கட்டி ஒரு நாட்டை வளர்க்கும் கேம் அது. 2005இல் வந்தது, இன்னும் சலிக்கவில்லை. ஒருவர் ஆடும்போது மற்றவர்கள் தட்டுவடை செட்டை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட வேண்டும், அடுத்தவர் மேப்பைப் பார்க்கக் கூடாது. ஆனால் அவரவர் முறை வந்து உட்கார்ந்தால், திரையின் வலது கீழ் மூலையில் நமக்கு அறிமுகமான எல்லா நாடுகளின் ஸ்கோரும் வரிசையாக நிற்கும். மேப்பை மறைத்துவிட்டு ரேங்க்கைத் திறந்து வைத்தால் எப்படி?

தாயம் ஆடும்போது இந்தச் சிக்கலே கிடையாது. யார் காய் எந்தக் கட்டத்தில் நிற்கிறது, எது பழமாகிவிட்டது என்று எல்லோருக்கும் தெரியும். அங்கே கட்டமே ஸ்கோர். சிவிலைசேஷனில் பாதி உலகம் இருட்டில் கிடக்கிறது. அந்த இருட்டில்தான் ஆட்டமே இருக்கிறது.

அப்புறம், அந்த ஸ்கோர் எதை அளக்கிறது? மக்கள்தொகை, நிலப்பரப்பு, கண்டுபிடித்த தொழில்நுட்பங்கள், கட்டிய அதிசயங்கள். பரந்து விரிந்தவருக்கு எண் ஏறும். ஆனால் ஜெயிக்க வேறு வழிகளும் இருக்கின்றன. ஏற்காட்டிலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவு இறங்கி வரும் எங்கள் காபி எஸ்டேட் அண்ணன் நாலு ஊருக்கு மேல் கட்ட மாட்டார். எல்லாவற்றையும் ஆராய்ச்சியில் போடுவார். பட்டியலில் எப்போதும் அடியில்தான் இருப்பார். ஒருநாள் விண்கலத்தை ஏவி, அந்த வழியிலேயே ஜெயித்து ஆட்டத்தை முடித்துவிட்டார். அதுவரை முதலிடத்தில் இருந்தவர் திரும்பத் திரும்பப் பட்டியலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

அதைவிட எனக்கு வருத்தம் தருவது வேறு. புதிதாக வந்த தம்பி ஒருவன், நல்லா யோசிக்கிற பையன். ஆட்டம் பாதிகூடத் தாண்டவில்லை, "விடுண்ணா, நான்தான் கடைசி, இனிமே ஆடி என்ன ஆகப்போவுது" என்று எழுந்துவிட்டான். அவன் ஊர்களைச் சுற்றி நல்ல ஆறு, மலையில் இரும்பு, எல்லையில் பகையே இல்லை. அவனை எழுப்பிவிட்டது அந்த மூலையில் இருந்த எண்தான்.

இன்னொரு நுணுக்கம். ஒரு சுற்றில் முதலில் ஆடுபவர் ஊரை வளர்த்து டர்னை முடித்திருப்பார், கடைசி ஆள் இன்னும் தொட்டிருக்க மாட்டார். நடுவில் எடுத்துப் பார்த்தால் அந்த ஒப்பீடே கோணல். எல்லோரும் ஒரே டர்னை முடித்த பிறகு எடுக்கும் கணக்குதான் நியாயமானது.

இதற்கெல்லாம் நல்ல விடைகளும் ஏற்கனவே இருக்கின்றன. அதே சிவிலைசேஷன் 4க்கு 2007இல் வந்த பியாண்ட் த ஸ்வார்ட் விரிவாக்கத்தில், எதிராளி மேல் போதுமான உளவுப் புள்ளி சேர்த்தால்தான் அவருடைய வளர்ச்சியைக் காட்டும் கோடு உங்கள் கிராஃபில் தெரியும். எனக்குத் தெரிந்து இதைவிட அழகான ஏற்பாடு இல்லை. தகவல் வேண்டுமா, விலை கொடு. சிவிலைசேஷன் 5 வேறு வழியில் போனது. மக்கள்தொகை, படை, எழுத்தறிவு என்று ஒவ்வொன்றிலும் உங்கள் இடம், உச்சம், சராசரி, கடைசி எல்லாம் தனித்தனியாகச் சொல்லும். 1995இல் க்ளாஸ் டாய்பர் உருவாக்கிய கட்டான் பலகை விளையாட்டில் பத்துப் புள்ளி எடுத்தால் வெற்றி. புள்ளிகள் பெரும்பாலும் பலகையில் தெரியும், ஆனால் 25 வளர்ச்சி அட்டைகளில் 5 நேரடி வெற்றிப்புள்ளி அட்டைகள், அவற்றைக் கையில் மறைத்து வைக்கலாம். எட்டில் நிற்பவர் நிஜமாகவே எட்டா என்ற சந்தேகம் கடைசிவரை இருக்கும். முதலாமவர் மேல் எல்லோரும் சேர்ந்து பாய்வதும் கொஞ்சம் குறையும்.

சரி, முடிந்த பிறகு? அப்போது எதையும் மறைக்கக் கூடாது. ஒவ்வொருவருக்கும் ஒரு நிறத்தில் கோடு, முதல் டர்னிலிருந்து கடைசி வரை. மொத்த ஸ்கோர் ஒரு கிராஃப், படைபலம் தனி, உற்பத்தி தனி, உணவு தனி. எங்கள் ஆட்டத்தில் உண்மையான பேச்சு அங்கேதான் தொடங்கும். "இங்க பாரு, இந்த இடத்துல உன் படை சரிஞ்சிருக்கு, அப்பவே நான் வந்திருந்தா முடிஞ்சிருக்கும்" என்று எஸ்டேட் அண்ணன் விரலை வைத்துக் காட்டுவார். அந்தத் தம்பி அன்று கிளம்பாமல் இருந்திருந்தால், உணவுக் கோட்டில் தான் எல்லோரையும் தாண்டி ஏறிக்கொண்டிருந்ததைப் பார்த்திருப்பான்.

சேலம் பக்கம் கல்லூரிகளில் கேம் செய்து பழகும் பிள்ளைகள் இதைப் படித்தால் ஒரு வேண்டுகோள். ஸ்கோர் பட்டியலைத் திரையில் ஒட்டுவது சுலபமான வேலை. அதற்கு முன்னால், ஒவ்வொரு டர்ன் முடிவிலும் எல்லோருடைய எண்களையும் சேமித்து வையுங்கள். ஆட்டம் முடிந்ததும் அவை மொத்தமாகத் திறக்கட்டும்.