குஞ்சுக் குரல் கேக்கணுமா, தள்ளி நில்லுங்க

பிசான நெல் அறுப்பு முடிஞ்சு நம்ம பக்கத்துக் குளமெல்லாம் வத்த ஆரம்பிச்சாச்சுன்னா ஃபோன்ல ஒரே ஆக்காட்டி (ஆள்காட்டிக் குருவி) முட்டை வீடியோதான். வெறும் பொட்டல்ல நாலு முட்டை, அதுக்கு ஒரு சாண் மேல கேமரா, தாயும் தகப்பனும் தலைக்கு மேல சுத்திச் சுத்தி கத்துது, அதுக்கு நூறு லைக்கு. பாக்கவே எனக்கு வயிறு எரியுது, ஏன்னு சொல்லுதேன்.

பொரியதுக்கு ஒண்ணு ரெண்டு நாள் முன்னாடி குஞ்சு, முட்டையோட அகலமான பக்கத்துல இருக்க காத்தறைய அலகால குத்தி உடைச்சிரும், அப்பதான் மொத மொதலா நுரையீரல்ல மூச்சு விடுது, மூச்சு வந்ததும் குரலும் வந்துருது, ஓடு உடையதுக்கு முன்னாடியே உள்ள இருந்து கீச்சு கீச்சுங்கும். காடை முட்டைய வச்சு 1960-கள்லயே மார்கரெட் வின்ஸ்னு ஒரு விஞ்ஞானி ஆராய்ச்சி பண்ணியிருக்காங்க, ஒண்ணையொண்ணு தொட்டுக்கிட்டு கெடக்க முட்டைக்குள்ள இருந்து டிக் டிக்னு வார சத்தத்த வச்சு பிந்துன குஞ்சும் வேகம் புடிச்சு எல்லாம் கிட்டத்தட்ட ஒரே நேரத்துல பொரிஞ்சிருது. வெளிய வராத புள்ளைங்க கூடப்பொறந்ததுகளோட பேசிக்கிடுது! இத எப்ப நெனச்சாலும் மெய் சிலிர்க்கு.

ஆக்காட்டிக் குஞ்சு ஈரம் காஞ்சதும் எந்திச்சு நடந்துரும், பூச்சியும் அதுவே பொறக்கித் தின்னும். ஆனா பெத்தது அபாயக் குரல் குடுத்துச்சுன்னா தரையோட அப்பிக்கிட்டு மூச்சுக் காட்டாது. நீங்க கிட்ட போய் நின்னுக்கிட்டு "எவ்ளோ சாதுவா இருக்கு பாருங்க"ன்னு பதிவு போடுதீங்க, பயத்துல கெடக்கு அண்ணாச்சி அது. முட்டை மட்டும் இருந்தாலும் கதை அதேதான், சித்திரை வெயில்ல வயித்து எறக தண்ணியில நனைச்சுட்டு வந்து முட்டைய குளுத்துற பறவை அது, நீங்க அங்க நிக்க நேரமெல்லாம் முட்டை வேகுது.

திருநெல்வேலி மாவட்டத்து கூந்தன்குளத்துல தெரு மரத்துலயே நாரை கூடு கட்டுதே, மனுசன கண்டு பயப்படலையேன்னு கேக்காங்க. 1994-ல சரணாலயம்னு அறிவிக்கதுக்கு ரொம்ப முன்னாடியே அந்த ஊர்க்காரங்க தலைமுறையா இடைஞ்சல் பண்ணாம சம்பாதிச்ச நம்பிக்கை அது, தீவாளிக்கு வெடி கூட போட மாட்டாங்க. குஞ்சுக் குரல் கேக்க ஆசைன்னா அங்க போங்க. மஞ்சமூக்கு நாரை வளந்துட்டா கிட்டத்தட்ட ஊமைதான், அலகத்தான் தட்டும், மரத்துல கேக்க கூச்சலெல்லாம் குஞ்சுகளோடது, மீனோட தாய் வந்து எறங்குனதும் கூடே ரெண்டுபடும்.

குஞ்சு தனியா நிக்கு, வீட்டுக்கு தூக்கிட்டு வரவான்னு இன்பாக்ஸ்ல கேக்கவங்களுக்கு: வேண்டாம்யா. தாய் பக்கத்துலதான் எங்கயாவது நின்னு நீங்க எப்ப போவீங்கன்னு பாத்துக்கிட்டு இருக்கும், அது போக முட்டையயோ குஞ்சையோ எடுக்கது 1972 வன உயிரினச் சட்டப்படி குத்தம். ஒரு பனை மூட்டுல ஒதுங்கி உக்காருங்க, பைனாகுலர் இருந்தா கொண்டு போங்க. தாய் கத்துறத நிப்பாட்டி அடைக்கு வந்து உக்காந்துட்டா நீங்க இருக்க தூரம் சரி. கத்திக்கிட்டே இருந்துச்சுன்னா இன்னும் பின்னால போங்க.