மயிலுக்கு என்ன நடந்தது?

கத்தரிக்காய் நிறம். பனரில் முருகனுக்குப் பக்கத்தில் தோகையை விரித்துக்கொண்டு கத்தரிக்காய் நிறத்தில் ஒரு மயில் நிற்கிறது. மதிலில் காவிச் சிவப்பு இருக்க வேண்டிய இடமெல்லாம் பழைய செங்கல் நிறம். இதை ஏ-9 வீதிக் கரையில் கட்டி, படமெடுத்து, கனடாவிலும் சுவிஸிலும் இருக்கிற உபயகாரருக்கு அனுப்பிக் கோபுரத்துக்குக் கோயில் நிர்வாகத்தார் காசு சேர்க்கப் போகிறார்களாம். நல்லாச் சேரும்.

இந்த வேலை செய்கிறவர்களுக்கு நான் விளங்கப்படுத்தத் தேவையில்லை. ரெண்டர் எடுத்த (முப்பரிமாண உருவிலிருந்து கொம்பியூட்டர் கணித்துத் தருகிற) படத்தை ஒரு மென்பொருளிலிருந்து இன்னொன்றுக்குக் கொண்டுபோன எல்லோரும் இந்த வயிற்றெரிச்சலை அனுபவித்தவர்கள்தான். மிச்சப் பேர், "ஏன் தம்பி, கொம்பியூட்டரில வடிவாத்தானே கிடந்தது?" என்று கேட்பார்கள். ஓம் ஐயா, வடிவாத்தான் கிடந்தது. அதுதானே எனக்கு விசர்!

முழுக் கோபுரமும் பிளெண்டர் என்ற முப்பரிமாண மென்பொருளில் செய்தது. அந்த மயிலின் கழுத்துக்காக இரவிரவாகக் குந்தியிருந்தேன். கழுத்தில் கடும் நீலம், நெஞ்சுக்கு இறங்க இறங்கப் பச்சை ஏற வேண்டும், பின்னேர வெயில் படுகிற பக்கம் ஒரு மெல்லிய மினுக்கம். சுதைக்கு அடித்த பெயின்ட் என்பதால் அந்த மினுக்கமும் கூடிவிடக் கூடாது. பார்த்துப் பார்த்து வைத்த நிறம்.

பிளெண்டர் கணக்குப் போடுவது ஒளியை. திரையில் காட்டும்போது அந்த ஒளியை ஒரு வளைவுக்குள்ளால் விட்டு, திரை தாங்கும் அளவுக்கு அடக்கித்தான் காட்டும். 2019 இல் 2.80 பதிப்போடு அதற்கு ஃபில்மிக் என்ற வளைவு வழக்கமானது. 2023 இல் 4.0 வந்தபோது அந்த இடத்துக்கு ஏஜிஎக்ஸ் வந்தது. வெயில் பட்ட இடம் வெந்துபோகாமல் காக்கிற நல்ல ஏற்பாடுதான், அதில் எனக்குக் கொழுவல் இல்லை. ஆனால் ஒளி 1.0 என்றால் மற்ற இடத்தில் முழு வெள்ளை, இதில் 16 ஐத் தொட்டால்தான் முழு வெள்ளை. அதனால் கோயில் மதிலின் வெள்ளைக் கோடு மாரி கழிந்த சுவர்போலச் சாம்பலாய் வரும். பெயின்ட் கடை அட்டையில் இருக்கிற சிவப்பின் எண்ணை அப்படியே கொடுத்தாலும் படத்தில் அந்தச் சிவப்பு வராது. சரி, வெளிச்சத்தைக் கூட்டி, அங்கே இங்கே தட்டி அதையும் வழிக்குக் கொண்டுவந்தாயிற்று. மயில் மயிலாக நின்றது. மதில் கோயில் மதிலாகத் தெரிந்தது. அந்த இடத்திலேயே கொம்பியூட்டரைத் தூக்கிக்கொண்டுபோய் ஏ-9 கரையில் வைத்திருக்க வேண்டும்.

இனி வானத்தை மாற்ற வேண்டும், எழுத்துப் போட வேண்டும், நிர்வாகத்தாரின் படங்களை ஒட்ட வேண்டும். முழு விவரமும் இருக்கட்டும் என்று ஓப்பன்ஈஎக்ஸ்ஆர் கோப்பாகச் சேமித்தேன். ஹொலிவூட் படங்களுக்கு வேலை செய்கிற இண்டஸ்ட்ரியல் லைட் அண்ட் மேஜிக் 2003 இல் எல்லோருக்கும் திறந்துவிட்ட கோப்பு வகை, லேசுப்பட்ட ஆளில்லை. அதைப் படம் திருத்துகிற மென்பொருளில் திறந்தால் (பெயர் வேண்டாம், உங்களிடம் இருப்பதும் அதுதான்) கலசம் இருந்த இடத்தில் ஒரு வெள்ளை ஓட்டை. கிழக்கு வாசல் இருட்டுக்குள் போய்விட்டது. கோப்புக்குள் இருப்பது வெறும் ஒளி, அந்த வளைவு கோப்போடு வராது. அது பிளெண்டரோடேயே நின்றுவிட்டது.

போகட்டும், ஒரு நிறத்துக்கு 0 முதல் 255 வரை மட்டும் எண் வைக்கிற 8 பிட்டுக்கு மாற்றுவம் என்று அமத்தினால் ஒரு பெட்டி துள்ளிக்கொண்டு வருகிறது. எச்டிஆர் டோனிங்காம், பெரிய ஒளி வீச்சைச் சின்னதாக்குகிற வேலை. நான் கேட்டேனா? அதற்குள் நாலு வழி இருக்கிறது, ஒவ்வொரு வழியிலும் மயில் ஒவ்வொரு பறவை. ஒன்றில் கோபுரத்தைச் சுற்றி ஒளிவட்டம் வந்தது. அதைப் பார்த்தால் நிர்வாகம் அற்புதம் என்று நம்பியிருக்கும், அப்படியே விட்டிருக்கலாம்.

இத்தனைக்கும் கணக்கு ஒன்றும் மந்திரமில்லை. நடுச்சாம்பல் என்று நாங்கள் சொல்வது ஒளியில் 18 வீதம். சாதாரணத் திரைகளின் நிறக்கணக்கான எஸ்ஆர்ஜிபியில் அது 255 க்கு 118. ஒளியின் சரிபாதியை எடுத்தால் 188 வரும். இந்த மாற்றத்தை ஒருதரம் கூடச் செய்தால் படம் வெளிறும், ஒருதரம் விட்டால் இருளும். சின்னப் பிள்ளைக்கும் சொல்லிக்கொடுக்கலாம். ஆனால் இரண்டு மென்பொருளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், யார் மாற்றியது, யார் மாற்றவில்லை என்று இரண்டும் வாய் திறக்காது.

எரிச்சலில் பிஎன்ஜி என்ற சாதாரணப் படக் கோப்பாக எடுத்தேன். அந்த வளைவையும் சேர்த்துப் பொசுக்கிப் படமாகத் தருகிறது, இனி என்ன பிரச்சினை என்றுதானே நினைப்பீர்கள்? என்னிடமிருக்கிற பதிப்பு எழுதுகிற பிஎன்ஜியில் கலர் புரொஃபைல் இல்லை. எண் இருக்கிறது. எந்த நிறவெளியின் (எந்த எண் எந்த நிறம் என்று சொல்லுகிற ஏற்பாட்டின்) எண் என்ற குறிப்பு இல்லை. 210 என்றால் எந்தச் சிவப்பின் 210? திறக்கிற மென்பொருள் தன் பாட்டுக்கு ஒன்றை ஊகித்துக்கொள்ளும்.

1993 இல் இங்கே கரண்ட் இல்லை. மண்ணெண்ணெய்த் தட்டுப்பாட்டில், ஜாம் போத்தலுக்குள் திரி வைத்து எரித்த காலம். அதே வருசம் அங்கே எட்டு நிறுவனங்கள் கூடி, கருவிக்குக் கருவி நிறம் மாறாமல் கொண்டுபோவதற்கென்றே ஐசிசி என்ற அமைப்பைத் தொடங்கியிருக்கிறார்கள். 1996 இல் எச்பியும் மைக்ரோசொஃப்டும் எஸ்ஆர்ஜிபியைக் கொண்டுவந்தன, 1999 இல் அது சர்வதேசத் தரமானது. எங்களுக்குப் போர் முடிந்து, கரண்ட் வந்து, ஃபைபர் இணைப்பும் வந்துவிட்டது. அந்தச் சிவப்பு மட்டும் கிளிநொச்சியிலிருந்து வவுனியாவுக்குப் போய்ச் சேரவில்லை.

வவுனியாவில்தான் எழுத்துப் போட்டுத் தருகிற பெடியன் இருக்கிறான். படத்தை வாட்ஸ்அப்பில் டொக்கியுமென்ட் ஆகத்தான் அனுப்பினேன், அந்த விசயத்தில் என்னிடம் பாடம் எடுக்க வரவேண்டாம். கொஞ்ச நேரத்தில் கோல் வருகிறது.

"அண்ணை, உங்கட சிவப்பு கண்ணைக் குத்துது. கொஞ்சம் இறக்கி விட்டிருக்கிறன்."

"ஏன்ரா இறக்கினனி? அளவாத்தானே இருந்தது?"

"இல்லை அண்ணை, கண்ணைக் குத்துது."

"எந்தக் கண்ணை?"

அவன் கொம்பியூட்டர் கலியாண அல்பத்துக்கு ஏற்றபடி அடோபி ஆர்ஜிபியில் கிடக்கிறது. 1998 இல் வந்த அகலமான நிறவெளி. குறிப்பில்லாத என் படம் அங்கே போனதும் அதே எண்களை அகலமான வெளியில் வைத்து வாசித்திருக்கிறது. அவன் திரையில் கோயில் மதில் தீப்பிடித்துத்தான் இருக்கும், அவனில் பிழை சொல்ல முடியாது. அவன் நல்லதென்று நினைத்து இறக்கினான். இறக்கிவிட்டு, கடைசியில் எஸ்ஆர்ஜிபி ஆக்கித் தா என்று நான் கேட்டதற்காக அசைன் கொடுத்தான். கன்வெர்ட் கொடுத்தால் நிறம் நிற்கும், எண் மாறும். அசைன் கொடுத்தால் எண் நிற்கும், நிறம் மாறும். ஒன்றுக்கொன்று நேர் எதிரான இந்த இரண்டையும் ஒரே மெனுவில் மேலும் கீழுமாக வைத்த புண்ணியவான் யாரோ தெரியாது. செங்கல் நிறம் அங்கேதான் பிறந்தது.

மயில் அப்போதும் மயிலாகத்தான் இருந்தது. அதைக் கத்தரிக்காய் ஆக்கியது பிரிண்ட் கடை.

கடைக்குப் போனேன். கதவுக்கு நேரே திரை, கதவுக்கு வெளியே மத்தியான வெயில், திரையின் வெளிச்சம் உச்சத்தில். மெசின் ஓடி முடிந்து பனர் நிலத்தில் கிடந்தது.

"அண்ணை, மயில் நீலம் எல்லோ?"

"நீலம்தான் தம்பி. டியூப் லைட்டுக்கு அப்பிடித் தெரியுது. வெளியில கொண்டுபோய்ப் பாப்பம்."

நாலு மூலையையும் நாலு பேர் பிடித்து, றோட்டுக்குக் கொண்டுவந்து விரித்தோம். வெயிலில் இன்னும் நல்ல கத்தரிக்காய். பஸ்ஸுக்கு நின்ற ஓர் அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, "உது என்ன மோனை, மயிலோ?" என்று கேட்டார். கடை அண்ணை என்னைப் பார்த்தார். "ஃபைல் அப்பிடித் தம்பி."

ஃபைல் அப்பிடியாம்! பிரிண்ட் மெசினின் நான்கு மையில் நீலம் என்று ஒன்று இல்லை. சியான் என்ற பச்சைநீலமும் மஜெண்டா என்ற ஊதாச்சிவப்பும் சேர்ந்துதான் நீலம் வரவேண்டும், மஜெண்டா கொஞ்சம் தூக்கினால் கத்தரிப்பூதான். திரையில் தெரிகிற கடும் நீலம் பலது அந்த மைகளுக்கு எட்டவே எட்டாது. அதைத்தான் முன்கூட்டியே திரையில் பார்த்துக்கொள்ள வழி இருக்கிறது. "அதெல்லாம் பாக்கிறேல்லை தம்பி, மெசினில போட்டா வரும்." சரி, எந்தப் புரொஃபைலில் மாற்றுகிறீர்கள், காட்டுங்கோ என்று எட்டிப் பார்த்தேன். மென்பொருள் வரும்போது இருந்தபடியே யூஎஸ் வெப் கோட்டட் ஸ்வோப். அது அமெரிக்காவில் சுருள் தாளில் ஓடுகிற ஒஃப்செட் அச்சு இயந்திரங்களுக்கானது, வழுவழு தாளில் சஞ்சிகை அடிக்க. இங்கே கிரவல் தூசி படிந்த மெசினில் ஃபிளெக்ஸ் அடிக்கிறோம். எங்கள் முருகனின் மயில் அமெரிக்கச் சஞ்சிகைக்கு வெளிக்கிட்டு, இடைவழியில் இறங்கி நிற்கிறது.

எனக்குக் கோபம் நிறம் மாறியதில்கூட இல்லை. வேறு கருவி, வேறு மை, மாறத்தான் செய்யும். எல்லாம் கேளாமல் பேசாமல் மாற்றுகிறதே, அதில்தான். "தம்பி, உன் படத்தில் குறிப்பில்லை, நான் இப்படித்தான் எடுக்கப்போகிறேன்" என்று ஒரு வரி. "இந்த நீலம் எனக்கு வராது" என்று ஒரு வரி. எழுத்துரு இல்லாவிட்டால் ஒப்பாரி வைக்கிற மென்பொருள்தான், கோப்பைச் சேமிக்காமல் மூடப்போனால் கையைப் பிடிக்கிற மென்பொருள்தான். மயிலைக் கத்தரிக்காய் ஆக்கும்போது மட்டும் மௌன விரதம்.

பின்னேரம் வரை அங்கேயே மினக்கெட்டேன். பெடியனுக்குக் கோல் எடுத்து, அசலில் எழுத்தை மட்டும் போட வைத்து, எஸ்ஆர்ஜிபி புரொஃபைலைக் கோப்போடு சேர்த்து எடுத்தேன். நீலத்தை மயில்பச்சைப் பக்கம் கொஞ்சம் தள்ளினேன். ஒரு அடி துண்டு அடிச்சுக் காட்டுங்கோ அண்ணை என்றால் துண்டுக்கும் காசாம். அதையும் கொடுத்தேன். துண்டில் மயில் வந்தது. இடையில் கரண்ட் போய் வந்தது, அதை இங்கே எழுதி உங்களைச் சாகடிக்கவில்லை.

புதுப் பனரைப் படமெடுத்து நிர்வாகத்துக்கு அனுப்பினேன். பொருளாளர் அண்ணை உடனே கோல் எடுத்தார்.

"கலர் எல்லாம் திறம் தம்பி. தலைவர்ட முகம்தான் கறுப்பாக் கிடக்கு. கொஞ்சம் வெள்ளையாக்கி விடும்."

தலைவரின் முகம்! அடையாள அட்டையை போனில் படமெடுத்து, அந்தப் படத்தைக் குழுவில் போட்டு, அதன் ஸ்கிரீன்ஷொட்டை எனக்கு அனுப்பியிருந்தார்கள், மேலே பற்றரி 12 வீதம் என்ற குறியும் சேர்த்து. அதில் முகம் இருந்ததே பெரிய காரியம். சிரிப்பு வந்துவிட்டது. வெள்ளையாக்கிறன் அண்ணை, அப்ப மிச்சக் காசு என்று இழுத்தேன். கொடியேற்றம் முடியத் தருவினமாம். எந்த வருசக் கொடியேற்றம் என்று கேட்க முந்தி வைத்துவிட்டார்.